தாத்தாவின் டட்சன் 1200 பக்கி: முழுக்கப் பிரித்துவிட்டுத் தொடங்குவதா, முதலில் ஓடவைப்பதா?

யூனிட்7 டட்சன்

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது எனக்கே ஒரு வேலை வந்திருக்கிறது.

எங்கள் தாத்தாவின் டட்சன் 1200 பக்கி, அதாவது பின்னால் திறந்த பெட்டி உள்ள சின்ன பிக்கப் வண்டி, போன மாதம் டோங்காட்டிலிருந்து டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எழுபதுகளின் கடைசியில் வாங்கியது. தாத்தா குத்தகை நிலத்தில் காய்கறி போட்டவர். கீரை, கொத்தமல்லி, கத்தரிக்காய், மடும்பி என்று இங்கே நாம் சொல்லும் சேப்பங்கிழங்கு, எல்லாவற்றையும் இந்தப் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்கு வார்விக் அவென்யூ மார்க்கெட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். அப்பாவும் சித்தப்பாவும் சின்னப் பையன்களாக அந்த மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து போயிருக்கிறார்கள். தாத்தா போன பிறகு சித்தப்பா வீட்டு யார்டில், மாமரத்துக்கு அடியில், பதினோரு வருஷம் அப்படியே நின்றது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சக்கரம் பாதி வரை தண்ணீர் ஏறியதாகச் சித்தப்பா சொல்கிறார். சேறு இன்னும் உள்ளே காய்ந்து கிடக்கிறது.

இப்போதைய நிலை: என்ஜின் சுற்றவில்லை. பிரேக் பெடல் நேராகத் தரைக்குப் போகிறது, ஆனால் பின் வலது சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. டிரைவர் காலடியில் விரிப்பை எடுத்தால் துரு ஓட்டை வழியே கராஜின் சிமெண்ட் தரை தெரிகிறது. என்னிடம் ஒரு கார் நிற்கும் அளவுக்குக் கராஜ், ஸ்பேனர் செட், கிரைண்டர், மச்சானிடம் கடன் வாங்கிய மிக் வெல்டர் இருக்கின்றன. சனி ஞாயிறு மட்டும்தான் நேரம்.

என் திட்டம் இதுதான். கடைசி நட்டு வரை பிரித்துவிட்டு, வெறும் கூட்டைக் காற்றழுத்தத்தில் மணல் அடித்துத் துரு எடுக்கக் கொடுத்து, பெயிண்ட் போட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டுவது. அப்பாவுக்கு 71 வயது. தைப்பூசத்துக்குக் கோயிலுக்குத் தண்ணீர் டிரம் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கியில் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். நான் நினைப்பது சரியா?

லெனேசியா கராஜ்

சரிதான், தம்பி. பாதி வேலை செய்தால் பாதி வண்டிதான் கிடைக்கும். நான் ஃபோர்டு கோர்ட்டினா பக்கி ஒன்றை, 3 லிட்டர் வி6 என்ஜின் போட்டது, எடுத்துச் செய்தேன். வெளியே பார்க்க ரொம்ப நல்ல வண்டி. முன் மட்கார்டைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது, உள்ளே யாரோ பள்ளம் நிரப்பும் ஃபில்லர் பசையை அப்பி, மேலே தார் பூசி வைத்திருந்தார்கள். விரலால் குத்தினால் உள்ளே போகிறது. அன்றைக்கு நான் பிரித்துப் பார்க்காமல் பெயிண்ட் மட்டும் அடித்திருந்தால் இரண்டு வருஷத்தில் மறுபடி கொப்புளம் கிளம்பியிருக்கும். துரு இருப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். நீங்கள் இருப்பது டர்பன், கடல் காற்று. எல்லாவற்றையும் பிரியுங்கள், ஒவ்வொரு போல்ட்டையும் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள், போட்டோ எடுத்துக்கொண்டே போங்கள்.

எனக்கு நாலு வருஷம் ஆனது. ஆனால் இன்றைக்கு அந்த வண்டியில் எந்த மூலையைத் தட்டினாலும் இரும்புச் சத்தம்தான் வரும்.

பழைய ஸ்பேனர்

லெனேசியா அண்ணன் சொல்வதில் துரு பற்றிய பகுதி உண்மை. மற்றதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

38 வருஷம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன், இப்போது டர்பன் ஃபீனிக்ஸில் ஓய்வாக இருக்கிறேன். எத்தனை யார்டுகளில் வெறும் கூட்டைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? பக்கத்தில் பதினைந்து அட்டைப்பெட்டி, எலி கடித்த ஒயரிங், பையில் எழுதிய பெயர் வெயிலில் அழிந்துபோயிருக்கும். எல்லாரும் ஆசையோடு தொடங்கியவர்கள்தான். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் வரும், வீட்டுக் கூரை ஒழுகும், வேலை ஆறு மாதம் நிற்கும், அப்புறம் எந்த போல்ட் எங்கே என்று தலைக்குள் இருந்தது எல்லாம் போய்விடும். கடைசியில் ஸ்கிராப்காரன் வந்து எடை போட்டு எடுத்துக்கொண்டு போவான். ஓடுகிற வண்டியை யாரும் எடைக்குப் போடமாட்டார்கள். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் நிற்க வேண்டும், அடுத்து ஓட வேண்டும், அதற்குப் பிறகு ஒரு மூலை ஒரு மூலையாகத் துரு. ஒரு மூலையை முடித்துப் பூட்டாமல் அடுத்த மூலையைத் திறக்காதீர்கள்.

நிற்பது என்றால் பிரேக். உங்கள் வண்டியில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பதினோரு வருஷம் நின்ற ஆயில் பாதி தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் உள்ளே புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். கிட் போட்டு ரப்பரை மட்டும் மாற்றாதீர்கள், நாலு சிலிண்டரும், பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் புதிது வாங்குங்கள். ரப்பர் குழாய்களும் புதிது. சிலிண்டர் பொருத்தும்போது என்ஜின் ஆயிலோ கிரீஸோ ஒரு சொட்டுக்கூட ரப்பரில் படக்கூடாது, ஊதிப்போய்விடும். பிரேக் ஆயிலையே தொட்டுப் போடுங்கள்.

இன்னொன்று, இதைக் கவனமாகப் படியுங்கள். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில், அதாவது டிரம்மில் உரசும் பட்டையில், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் அதை 2008ல்தான் தடை செய்தார்கள். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றால் தூசியை ஊதும் பழக்கம் எங்கள் காலத்தில் இருந்தது, என்னோடு வேலை பார்த்தவர்களில் நெஞ்சு கெட்டுப்போனவர்கள் உண்டு. தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து ஸ்பிரே பண்ணி, ஈரமாகவே துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். நல்ல மாஸ்க் போடுங்கள். குழந்தைகள் கராஜுக்குள் வர வேண்டாம்.

மாரிட்ஸ்பர்க் பேனல்காரி

நான் பேனல் பீட்டிங், வண்டித் தகட்டைத் தட்டிச் சரி செய்யும் வேலை பார்க்கிறேன், அப்பாவிடம் கற்றுக்கொண்டது. ஸ்பேனர் மாமா சொன்ன வரிசைதான் என்னுடையதும், ஆனால் அதற்கு முன்னால் ஒரு அரைநாள் வேலை இருக்கிறது.

டட்சன் 1200க்கு டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி அடியில் தனி சேசிஸ் சட்டம் கிடையாது. கேபினும் பின்பெட்டியும் சேர்ந்து ஒரே உடல். கதவுக்குக் கீழே ஓடும் சில் இருக்கிறதே, அதுதான் முதுகெலும்பு. அது போயிருந்தால் நீங்கள் பிரேக் போட்டு என்ஜின் ஓடவைத்து என்ன பயன், வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அதனால் இந்தச் சனிக்கிழமை ஸ்பேனரைத் தொடாதீர்கள். ஒரு மழுங்கின ஸ்க்ரூடிரைவரையும் ஒரு சின்ன காந்தத்தையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். இரண்டு சில்லும், முன் சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் அடிப்பகுதி, பேட்டரித் தட்டுக்குக் கீழே, வின்ட்ஸ்கிரீனின் கீழ் மூலைகள், பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம். ஒவ்வொன்றையும் குத்திப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் ஃபில்லர். ஸ்பிரிங் மாட்டும் இடம் பலமாக இருந்தால் நிம்மதி, அங்கே வேலை வந்தால்தான் கஷ்டம்.

அப்புறம் மணல் அடிப்பது. மெல்லிய தகட்டில் சொரசொரப்பான மணலை முழு வேகத்தில் அடித்தால் பானெட் பாய் மாதிரி நெளிந்துவிடும், அதைச் சரி பண்ண என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அச்சு, பிராக்கெட் மாதிரி தடிமனான சாமானுக்கு அது சரி. வெளித் தகட்டுக்கு வேண்டாம்.

டோங்காட் தோட்டம்

உங்கள் தாத்தா டோங்காட் என்று படித்ததும் சந்தோஷமாகிவிட்டது. அந்த வெள்ளத்தில் எங்கள் யார்டிலும் டிராக்டர் மூழ்கியது.

சின்ன சாமான்களின் துருவுக்கு ஒன்று சொல்கிறேன். நாம் இருப்பது கரும்பு ஊர், சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸ் மாட்டுத் தீவனமாக கூட்டுறவுக் கடையில் டிரம் கணக்கில் கிடைக்கும். ஒரு பங்கு மொலாசஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் கலந்து, எண்ணெய்ப் பசையை முதலில் கழுவிவிட்டு, சாமானை முழுகப் போட்டுவிடுங்கள். ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம். துருவைத் தின்னும், நல்ல இரும்பைப் பெரிதாகத் தொடாது. ஆசிட்டில் போட்டு மறந்தால் சாமானே போய்விடும், இதில் அந்தப் பயம் குறைவு. ஆனால் அலுமினியம், துத்தநாக வார்ப்பு எதையும் போடாதீர்கள், கார்புரேட்டரைப் போட்டு ஒருவர் அழுததை என் கண்ணால் பார்த்தேன். நாற்றம் வரும், ஈ வரும், வீட்டுச் சன்னலுக்குத் தூரமாக வையுங்கள்.

யூனிட்7 டட்சன்

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி.

அக்கா சொன்னபடி குத்திப் பார்த்தேன். இடது சில் தப்பித்திருக்கிறது, வலது சில் முன் பாதி போய்விட்டது, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை உள்ளே போனது. உள்ளேயிருந்து இரண்டு கை நிறைய வெள்ளச் சேறு கொட்டியது. ஸ்பிரிங் மாட்டும் இடங்கள் நான்கும் கெட்டி. வின்ட்ஸ்கிரீன் மூலை ஒன்றில் பட்டாணி அளவு ஓட்டை.

முழுக்கப் பிரிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். லெனேசியா அண்ணன் கோபித்துக்கொள்ளக்கூடாது. எனக்கு நாலு வருஷம் இல்லை.

லெனேசியா கராஜ்

கோபம் ஒன்றும் இல்லை. சில்லை வெட்டும்போது உள்சில் வரை வெட்டுங்கள், மேலே ஒட்டுப் போட்டு மூடாதீர்கள். அதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

புதுசு டர்பன்

நான் திருச்சியிலிருந்து வேலைக்காக வந்து எட்டு மாதம் ஆகிறது. இங்கே எல்லாரும் பக்கி பக்கி என்பதைக் கேட்டு முதலில் திகைத்துப்போனேன், இப்போது பழகிவிட்டது. ஒரு சந்தேகம். இவ்வளவு பழைய வண்டிக்கு சாமான் எங்கே கிடைக்கிறது? ஈயம் கலந்த பெட்ரோல் இப்போது இல்லையே, என்ஜின் தாங்குமா?

பழைய ஸ்பேனர்

நல்ல கேள்வி, தம்பி. டட்சன் என்ற பெயர் எண்பதுகளில் நிசான் ஆனது, ஆனால் இதே உடலை 1400 என்ற பெயரில் பிரிட்டோரியா பக்கத்தில் ரோஸ்லின் ஃபேக்டரியில் 2008 வரை செய்துகொண்டே இருந்தார்கள். ஆஃப்ரிகான்ஸ்காரர்கள் அதற்கு 'சாகத் தெரியாதது' என்று பெயரே வைத்தார்கள். அதனால் பிரேக், ஸ்டியரிங், ரப்பர், கண்ணாடி என்று பாதிக்கு மேல் 1400 சாமான் இதற்குப் பொருந்தும், ஸ்பேர்ஸ் கடையிலும் ஸ்கிராப்யார்டிலும் இன்னும் கிடைக்கிறது. வாங்கும் முன் பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வருஷத்துக்கு வருஷம் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு.

ஈயப் பெட்ரோல் இங்கே 2006 ஜனவரியோடு நின்றது. வார்ப்பிரும்பு ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) உள்ள பழைய என்ஜின்களில் வால்வு உட்காரும் இடம் ஈயம் இல்லாமல் தேய்ந்து உள்ளே இறங்கும். இந்த வண்டியின் ஏ12 என்ஜினில் ஹெட் அலுமினியம், வால்வு உட்கார கடினமான வளையம் தனியாக அடித்திருக்கும். சாதாரண பெட்ரோலில் ஓட்டுங்கள், ஒன்றும் ஆகாது.

யூனிட்7 டட்சன்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

பிரேக் முடிந்தது. பின் வலது டிரம் கழல மூன்று நாள் பிடித்தது. துரு தின்னி ஸ்பிரே அடித்து, அட்ஜஸ்டரைப் பின்னால் திருப்பி, டிரம்மைச் சுற்றிலும் மரக்கட்டை வைத்துத் தட்டி, மறுநாள் மறுபடி தட்டி, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் தானாக முன்னால் நகர்ந்தது. உள்ளே வெள்ளச் சேறு செங்கல் மாதிரி இறுகியிருந்தது, அதன் நடுவில் லைனிங் ஒட்டிய பிரேக் ஷூ எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஸ்பேனர் மாமா சொன்ன மாதிரி ஈரமாகவே சுத்தம் செய்தேன்.

மொலாசஸ் பற்றி எழுத வேண்டும். பிரேக்கின் நாலு பின்தட்டும், அட்ஜஸ்டரும், ஹேண்ட்பிரேக் லீவர்களும் மொலாசஸ் டிரம்மில் போட்டு பன்னிரண்டு நாள் விட்டேன். வெளியே எடுக்கும்போது எல்லாம் கறுப்பாக, கூழ் மாதிரி ஒரு படலத்தோடு வந்தன, கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். தோட்டத்துக் குழாயைத் திறந்து தண்ணீரைப் பாய்ச்சினேன். அந்தக் கறுப்பு அப்படியே வழிந்து ஓட, அடியிலிருந்து வெளிறிய சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு தெரிந்தது. ஃபேக்டரியில் குத்திய எண்கூட வாசிக்க முடிந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஓரமெல்லாம் மஞ்சள் படிந்திருக்கிறது. நம் ஊர் ஈரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். அடுத்த தட்டிலிருந்து கழுவியதும் ஹேர் டிரையரால் உலர்த்தி உடனே ப்ரைமர் அடித்தேன்.

அடுத்து என்ஜின். இன்னும் சுற்றவில்லை.

பழைய ஸ்பேனர்

பலம் காட்டாதீர்கள். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, ஒரு வாரம் விடுங்கள். பிறகு என்ஜினின் சுழல் தண்டான கிராங்க்கின் முன் நட்டில் நீளமான கைப்பிடி போட்டு, முன்னும் பின்னும் ஒரு விரல் அளவு அசைத்துப் பாருங்கள். அசைந்தால் போதும், மீதி தானாக வரும். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. சுற்ற ஆரம்பித்ததும் எண்ணெயை இறக்கி, ஃபில்டர் மாற்றி, பிறகு பேட்டரி போடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி, அதனால் கியர்பாக்ஸ், டிஃப் (பின் அச்சில் இருக்கும் கியர் பெட்டி) இரண்டிலும் எண்ணெயை இறக்கிப் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. டிஃப்புக்கு ஜிஎல்-5 வகை கியர் ஆயில் ஊற்றலாம். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 மட்டும், ஜிஎல்-5ல் இருக்கும் கந்தகச் சேர்மானம் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கும். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார், கேட்காதீர்கள்.

பெட்ரோல் டேங்கைப் பற்றி ஒன்று. ஓட்டை இருந்தால் அதில் வெல்டர் வைக்காதீர்கள். காலியான டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட மோசம், உள்ளே ஆவி நிற்கும். வேறு டேங்க் தேடுங்கள்.

யூனிட்7 டட்சன்

சுற்றியது! ஒன்பதாவது நாள், அரை அங்குலம் அசைந்தது, அப்புறம் ஒரு முழுச் சுற்று. டிஃப்பில் மாமா சொன்ன அதே பால் டீ. கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது.

இப்போது ஒரு கவலை. நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) பார்த்தேன்: 150, 145, 90, 150 பிஎஸ்ஐ. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், அப்போதும் 90தான். ஹெட்டைக் கழற்ற வேண்டுமா?

லெனேசியா கராஜ்

எண்ணெய் ஊற்றியும் ஏறவில்லை என்றால் கோளாறு பிஸ்டன் ரிங்கில் இல்லை, வால்வில். இந்த இடத்தில் ஒரு யோசனை: ஹெட்டைக் கழற்றிச் செலவு பண்ணுவதற்குப் பதிலாக நல்ல ஏ14 என்ஜின் ஒன்று வாங்கிப் போடுங்கள். 1171 சிசிக்குப் பதில் 1397 சிசி. அதே மவுண்டிங், நேராக உட்காரும். இங்கே பாதிப் பேர் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

பழைய ஸ்பேனர்

உட்காரும், நானே பல வண்டியில் போட்டிருக்கிறேன். ஆனால் என்ஜின் நம்பர் மாறினால் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி, பதிவிலும் மாற்ற வேண்டும், வாங்கிய என்ஜினுக்குச் சரியான காகிதம் வேண்டும். தாத்தா வண்டிக்கு அந்தத் தலைவலி ஏன்? அதற்கு முன்னால் ஹெட்டையும் தொட வேண்டாம். வால்வு மூடியைத் திறந்து மூன்றாவது சிலிண்டரின் வால்வு இடைவெளியைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது 0.35 மிமீ, குளிர்ந்திருக்கும்போது 0.25. இடைவெளியே இல்லாமல் இறுகி நின்றால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் அங்கேதான் போகும். செலவு ஒரு கேஸ்கெட்.

யூனிட்7 டட்சன்

மாமா, உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. எட்டு வால்வையும் 0.25க்கு வைத்தேன். மூன்றாவதில் கம்ப்ரஷன் இப்போது 138.

பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பாயிண்டைச் சுத்தம் செய்து, இடைவெளியை 0.5 மிமீக்கு வைத்து, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, பானெட்டில் ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டு அதிலிருந்து பெட்ரோல் கொடுத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிளக் ஒயரை 1-3-4-2 என்ற பொறி வரிசைப்படி மறுபடி பார்த்தேன், இரண்டு ஒயர் மாறியிருந்தது. மாற்றிப் போட்டதும் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. புகை, எலிக்கூடு எரியும் நாற்றம், டப் டப் என்று ஒரு நிமிஷம், அப்புறம் தாத்தா வீட்டு வாசலில் நான் கேட்ட அதே சத்தம். அப்பா வெளியே வந்தார், ஒன்றும் பேசவில்லை, கதவைத் திறந்து பயணி சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சீட்டில் ஸ்பிரிங் மட்டும்தான் இருந்தது, அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

மாரிட்ஸ்பர்க் பேனல்காரி

படித்ததும் கண் கலங்கிவிட்டது. சரி, இனி என் பகுதி.

சில்லை வெட்டும் முன் கதவுச் சட்டத்துக்குள் இரண்டு குழாயைக் குறுக்காக வெல்ட் பண்ணுங்கள், ஏ தூண் (கதவுக்கு முன்னால் இருப்பது) அடியிலிருந்து பி தூண் (கதவுக்குப் பின்னால் இருப்பது) மேல் வரை ஒன்று. வண்டி சமமாகத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும், ஜாக் ஒரு மூலையில் மட்டும் தூக்கியபடி இருக்கக்கூடாது. பேட்டரியைக் கழற்றுங்கள். புதுத் தகடு 1 மிமீ, வெல்டரில் 0.6 கம்பி. நீளமாக இழுக்காதீர்கள். ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு இடையில். கூரைக்குப் போடும் துத்தநாகத் தகட்டை வெட்டி ஒட்டாதீர்கள், அந்தப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி காய்ச்சல் வரும்.

வேலை முடிந்ததும் உடனே கராஜைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள், ஒரு வாளித் தண்ணீரோடு. கேபின் பின்சுவர்ப் பஞ்சில் பொறி விழுந்தால் மெதுவாகத்தான் பிடிக்கும். லோட்ஷெடிங் என்ற மின்வெட்டில் பாதி வெல்டில் கரண்ட் போனால் இருட்டில் எதையும் தொடாமல் அப்படியே விடுங்கள்.

தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். பெயிண்ட் காய்ந்த பிறகு சில்லுக்குள் மெழுகு ஸ்பிரே அடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சேசிஸ் நம்பர் குத்திய இடத்தில் கிரைண்டரோ மணல் காகிதமோ படக்கூடாது. நம்பர் மங்கியிருந்தால் போலீஸ் அதைத் திருத்தியதாகத்தான் பார்ப்பார்கள். டேப் போட்டு மூடிவிட்டு வேலை செய்யுங்கள்.

யூனிட்7 டட்சன்

சில் முடிந்தது, உள்சில்லும் சேர்த்து. லெனேசியா அண்ணா, ஒட்டுப் போட்டு மூடவில்லை, போட்டோ அனுப்புகிறேன். காலடித் தகடும் புதிது. குறுக்குக் குழாயை எடுத்த பிறகு கதவு முன்போலவே 'டக்' என்று மூடியது.

பெயிண்ட் பற்றி யோசிக்கிறேன். பின்பெட்டியின் இடது மேல் விளிம்பில் நாலு இடத்தில் பள்ளம் இருக்கிறது, விரல் சரியாக உட்காரும் அகலம். அடிபட்டது என்று நினைத்து ஃபில்லர் எடுத்தேன். அப்பா தடுத்தார். மூட்டையைக் கட்டும் கயிறு அந்த இடத்தில்தான் போகுமாம், முப்பது வருஷம் அதே நாலு இடம், தாத்தா முடிச்சை இழுத்து இழுத்துத் தேய்ந்தது. நிரப்பினால் பெட்டி நேராக இருக்கும். என்ன செய்வது?

லெனேசியா கராஜ்

என் கோர்ட்டினாவில் ஒரு பள்ளம்கூட இல்லை, அதில் எனக்குப் பெருமை. ஆனால் அது நான் தெரியாதவரிடமிருந்து வாங்கிய வண்டி. இதில் கை வைக்காதீர்கள். துருவை மட்டும் எடுத்துவிட்டு, பள்ளத்தோடு ப்ரைமர் அடித்து, அதே நிறத்தை மேலே பூசுங்கள்.

மாரிட்ஸ்பர்க் பேனல்காரி

நானும் அதையே சொல்வேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தண்ணீர் தொட்டே தேய்த்துக்கொள்ளுங்கள், உலர்வாகத் தேய்க்க வேண்டாம்.

டோங்காட் தோட்டம்

காகித வேலையை மறந்துவிடாதீர்கள். பல வருஷம் லைசென்ஸ் கட்டாத வண்டி என்றால் முதலில் போலீஸ் கிளியரன்ஸ், பிறகு ரோட்வொர்த்தி, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்ற சோதனை. ரோட்வொர்த்தி சான்றிதழ் 60 நாள்தான் செல்லும். அவசரப்பட்டு அதை முதலில் வாங்கினால் கிளியரன்ஸ் வருவதற்குள் காலாவதி ஆகி மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்கும். தாத்தா பெயரிலிருந்து மாற்ற எஸ்டேட் காகிதமும், அதாவது அவர் விட்டுப்போன சொத்துக்கான காகிதமும் வேண்டும், சித்தப்பாவிடம் இப்போதே கேளுங்கள்.

யூனிட்7 டட்சன்

ரொம்ப நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். காகிதத்துக்குத்தான் வண்டியைவிட அதிக நேரம் ஆனது.

ரோட்வொர்த்தி முதல் தடவை தவறிவிட்டது: ஹேண்ட்பிரேக் பிடி போதவில்லை, வைப்பர் ரப்பர், ஸ்டியரிங் முனையில் ஒரு பக்கம் ஆட்டம். மூன்றும் நியாயமான காரணம். சரி பண்ணிக்கொண்டு ஒன்பது நாளில் மறுபடி போனேன், கிடைத்தது. லைசென்ஸ் டிஸ்க் போன செவ்வாய்க்கிழமை கண்ணாடியில் ஒட்டியாயிற்று.

தைப்பூசத்துக்கு 200 லிட்டர் டிரம் ஒன்றை ஏற்றிக் கோயிலுக்குப் போனோம். கயிற்றை அப்பாதான் கட்டினார், அந்த நாலு பள்ளத்திலும் சரியாக உட்கார்ந்தது. ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே இழுத்தது. வழியில் ஒரு வயதானவர் நிறுத்தி, இது மார்க்கெட்டில் கொத்தமல்லிக்காரர் வண்டி இல்லையா என்று கேட்டார்.

ஒரே ஒரு குறை. பிரேக்கை அழுத்தினால் வண்டி லேசாக இடது பக்கம் இழுக்கிறது. சூடான பிறகு இன்னும் கொஞ்சம் அதிகம்.

பழைய ஸ்பேனர்

இடது பக்கம் இழுத்தால் வலது பக்கம் பிடிக்கவில்லை என்று பொருள். முன் வலது டிரம்மைத் திறந்து லைனிங்கில் எண்ணெய் கசிந்திருக்கிறதா பாருங்கள், ஈரமாக இருந்தால் இரண்டு பக்க ஷூவும் சேர்த்து மாற்ற வேண்டும். காய்ந்திருந்தால் இரண்டு முன் சக்கரத்தையும் ஒரே அளவுக்கு அட்ஜஸ்ட் பண்ணுங்கள்: சக்கரம் பிடிக்கும் வரை இறுக்கி, சுதந்திரமாகச் சுற்றும் வரை ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்துங்கள், இரண்டு பக்கமும் அதே எண்ணிக்கை. அது சரியாகும் வரை பாரம் ஏற்ற வேண்டாம்.